உடற்பருமனும் தேகப் பயிற்சியும் வைட்டமின் ‘டி’யும்

சென்ற மார்கழி மாதத்தில் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். ரொக்கப் புத்தகம், நூல் இருப்பு, கூலிப் பட்டுவாடாப் பதிவேடு ஆகியவற்றைச் சரிபார்த்துக் கையொப்பமிடும் தறுவாயில், நெய்த சேலைகளை ஒப்படைக்க வந்திருந்த அங்கத்தினரான அம்மையார் ஒருவர் தயங்கித் தயங்கி என் மேசையருகே வந்து நின்றார். ஐம்பது வயதை நெருங்கியவர். சற்றுப் பருத்த சரீரம். அவர் கையில் பரிசோதனைச் சீட்டுகள் சில இருந்தன.

“ஐயா, நீங்கள் கணக்குப் பார்க்கிறவர். இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்” என்று அவற்றை என்னிடம் நீட்டினார்.

விஷயம் இதுதான். அவருக்கும் அவருடைய ஓர்ப்படிக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இடுப்பிலும் தொடையிலும் வலி கண்டது. குழித்தறியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க இயலவில்லை. இருவரும் ஒரே மருத்துவரிடம் சென்றனர். இருவர் இரத்தத்திலும் வைட்டமின் ‘டி’ குறைவு என்று தெரிந்தது. வாரம் ஒரு பொட்டலம் வீதம் எட்டு வாரங்களுக்கு ஒரே மருந்தை இருவரும் உட்கொண்டனர். பிறகு மீண்டும் இரத்தத்தைச் சோதித்தபோது, மெலிந்த உடலினரான ஓர்ப்படிக்கு வைட்டமின் அளவு நன்கு உயர்ந்திருந்தது. இவருக்கோ அதில் பாதியளவுதான் உயர்ந்திருந்தது.

“இருவருக்கும் வரவு ஒன்றுதானே ஐயா? இருப்பு மட்டும் ஏன் வேறாக இருக்கிறது? கடையில் எனக்குப் போலி மருந்து கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகமாயிருக்கிறது. இனி வாரத்திற்கு இரண்டு பொட்டலமாகச் சாப்பிட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்” என்றார்.

நான் வைத்தியன் அல்லன். “அம்மா, மருத்துவரைக் கேளாமல் அளவைக் கூட்டிவிடாதீர்கள். அடுத்த முறை வரும்பொழுது விவரம் அறிந்து வந்து சொல்கிறேன்” என்று மட்டும் கூறிவிட்டு வந்தேன். பின்னர் அரசு மருத்துவமனையில் பணியாற்றும் நண்பர் ஒருவரிடம் கேட்டும், அவர் காட்டிய நூல்களையும் ஆராய்ச்சி அறிக்கைகளையும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றேன். இதே ஐயம் வேறு பல அங்கத்தினர் இல்லங்களிலும் எழக்கூடும் அல்லவா?

வைட்டமின் ‘டி’ எங்கிருந்து வருகிறது?

மற்ற வைட்டமின்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. மற்றவற்றைப் பெரும்பாலும் உணவிலிருந்தே நாம் பெற வேண்டும். வைட்டமின் ‘டி’யையோ நம் தோலே உற்பத்தி செய்துகொள்கிறது. தோலில் இயற்கையாக உள்ள ஒரு கொழுப்புப் பொருளின்மீது சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதி படும்பொழுது, அப்பொருள் வைட்டமின் ‘டி’யாக மாறுகின்றது.

இவ்வுண்மை உலகுக்குத் தெளிவானது சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்புதான். ஐரோப்பிய நகரங்களில் ஆலைப் புகையும் நெருக்கடியான சந்துகளும் சூரிய ஒளியை மறைத்துவிட்ட காரணத்தால், குழந்தைகளின் எலும்புகள் மென்மையாகிக் கால்கள் வளைந்து போயின. 1919-ஆம் ஆண்டில் பெர்லின் நகர மருத்துவரான குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, இந்நோயுற்ற குழந்தைகளுக்குப் புற ஊதாக் கதிர்களை வீசும் பாதரச விளக்கின் ஒளியைக் காட்டிக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் இரு கைகளின் எலும்புகளும் குணமடைந்ததை அவர் கண்டார். தோலில் உண்டாகும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்தின் வழியே உடலெங்கும் செல்கின்றது என்பது இதனால் விளங்கிற்று. 1922-இல் அமெரிக்காவில் எல்மர் மெக்காலம் என்பவரும் அவருடைய உடனுழைப்பாளர்களும் மீன் எண்ணெயில் இதே நோயைத் தீர்க்கும் சத்து ஒன்று உண்டு என நிறுவினர். அதற்கு வைட்டமின் ‘டி’ என்னும் பெயர் வந்தது.

தோலில் உண்டானதும் உணவில் வந்ததும் ஆகிய வைட்டமின் ‘டி’ முதலில் கல்லீரலுக்குச் சென்று ஒரு மாற்றம் அடைகிறது. இரத்தப் பரிசோதனையில் அளக்கப்படுவது இந்த வடிவமே. இதனைக் ‘கையிருப்பு வடிவம்’ என்று நாம் வைத்துக்கொள்ளலாம். பின்னர் இது சிறுநீரகத்தில் மற்றொரு மாற்றம் அடைந்து ‘செயல்படும் வடிவம்’ ஆகின்றது. இச்செயல்படும் வடிவமே குடலில் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்கும்படி செய்வது. வைட்டமின் ‘டி’ போதிய அளவு இருந்தால் நாம் உண்ணும் சுண்ணாம்புச் சத்தில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு உடலில் சேரும். இல்லையேல் 10 முதல் 15 பங்குதான் சேரும். கேழ்வரகும் தயிரும் உண்டும் எலும்பு வலுப்பெறாமைக்கு இது ஒரு காரணம். வைட்டமின் ‘டி’ மிகவும் குறைந்துவிட்டால் பெரியவர்களுக்கு எலும்பு வலி, தொடைத் தசைகளில் சோர்வு, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதில் சிரமம், படியேறுவதில் தளர்ச்சி ஆகியவை தோன்றுகின்றன.

இரத்தத்தில் ஒரு மில்லி லிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் குறையாமல் இருப்பது பெரும்பாலோருடைய எலும்பு நலத்திற்குப் போதுமானது என்றும், 12-க்குக் கீழ் இறங்கினால் குறைபாடு என்றும் மருத்துவர் பலர் கொள்கின்றனர்.

கொழுப்பில் முடங்கும் வைப்பு

இனி அம்மையார் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரே வரவுக்கு இரு வேறு இருப்பு எங்ஙனம் ஏற்படுகிறது?

வைட்டமின் ‘டி’ நீரில் கரைவதன்று, கொழுப்பில் கரைவது. ஆதலால் தோலிலிருந்தும் குடலிலிருந்தும் இரத்தத்திற்கு வரும் வைட்டமினில் ஒரு பகுதி உடலிலுள்ள கொழுப்புத் திசுவில் சென்று தங்கிவிடுகிறது. மெலிந்தவர் உடலில் கொழுப்பு குறைவு. ஆகவே அங்கே போய்த் தங்குவதும் குறைவு. பருத்தவர் உடலில் கொழுப்பு மிகுதி. ஆகவே வரவில் பெரும் பகுதி அங்கே சென்று சேர்கிறது.

சங்கத்தின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு தொகை வரவாகிய இரண்டு சங்கங்களில், ஒன்று அத்தொகையில் சிறு பகுதியை நிரந்தர வைப்பில் போடுகிறது. மற்றொன்று பெரும் பகுதியைப் போட்டுவிடுகிறது. மாதக் கடைசியில் ரொக்கப் பெட்டியைத் திறந்து பார்த்தால் இரண்டிலும் ஒரே தொகை இருக்குமா? பணம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் அன்றாடச் செலவுக்குக் கைக்கு எட்டுவதில்லை. இரத்தப் பரிசோதனை காட்டுவது ரொக்கப் பெட்டியின் இருப்பை மட்டுமே.

சாயப் பட்டறையில் வேலை செய்யும் அன்பர்கள் இதனை வேறு விதமாகவும் உணரலாம். சிறிய தொட்டி நீரில் ஓர் அளவு சாயம் இட்டால் நூல் நன்றாக நிறம் பிடிக்கும். அதே அளவு சாயத்தைப் பெரிய தொட்டியில் இட்டால் நிறம் வெளிறிவிடும். சாயத்தில் குற்றமில்லை, தொட்டி பெரிது. பருத்த உடலில் வைட்டமின் பரவ வேண்டிய இடம் அதிகம் என்பதே குறைவுக்குக் காரணம் என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர்.

இது வெறும் ஊகமன்று. 2000-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் பருத்தவர் சிலருக்கும் மெலிந்தவர் சிலருக்கும் ஒரே அளவு புற ஊதாக் கதிர்களை உடல் முழுவதும் படச் செய்தனர். ஒரு நாள் கழித்துச் சோதித்தபோது, இரத்தத்தில் வைட்டமின் ‘டி’யின் உயர்வு மெலிந்தவர்களுக்கு இருந்ததைக் காட்டிலும் பருத்தவர்களுக்கு நூற்றுக்கு 57 பங்கு குறைவாக இருந்தது. தோலிலுள்ள மூலப்பொருளில் இரு சாராருக்கும் வேற்றுமை காணப்படவில்லை. ஆகவே உற்பத்தியில் குறையில்லை. உற்பத்தியானது இரத்தத்திற்கு வந்து சேர்வதில்தான் குறை. உட்கொள்ளும் மருந்தின் நிலையும் இதுவே. நாள்தோறும் 2,000 யூனிட் உட்கொண்ட அமெரிக்கர்களின் இரத்த அளவுகளை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட அறிக்கையிலும், உடல் எடை மிகுந்தோருக்கு உயர்வு குறைவாகவே இருந்தது என்று காணப்படுகிறது.

எனவே அம்மையாருக்குக் கடைக்காரர் போலி மருந்து கொடுத்தார் என்று எண்ணுவதற்கு இடமில்லை. அவர் உடலின் கணக்கே அவ்வாறு அமைந்தது.

தேகப் பயிற்சி என்ன செய்கிறது?

வைப்பில் முடங்கிய தொகையை வெளிக்கொணர வழி உண்டா? தேகப் பயிற்சியால் பயன் உண்டா? இக்கேள்வியை நேரடியாகச் சோதித்த இரண்டு ஆராய்ச்சிகளை அறிந்துகொள்வது நன்று. ஒன்று அமெரிக்காவில் நடந்தது. மற்றொன்று இங்கிலாந்தில் நடந்தது.

முதலாவது, 2011-இல் வெளியான சியாட்டில் நகர ஆராய்ச்சி. மாதவிடாய் நின்ற, எடை மிகுந்த பெண்கள் 439 பேரை நான்கு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் உணவைக் குறைத்தனர். ஒரு பிரிவினர் வாரத்தில் ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு 45 நிமிடம் தேகப் பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினர் இரண்டையும் செய்தனர். நான்காம் பிரிவினர் வழக்கம் போல் இருந்தனர். ஓராண்டு முடிவில் இரத்தத்தைச் சோதித்தபோது, பிரிவுக்குப் பிரிவு குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் எவ்வளவு எடை குறைந்தது என்பதை வைத்துக் கணக்கிட்டபோது உண்மை வெளிப்பட்டது. எடையில் நூற்றுக்கு 5-க்கும் குறைவாக இழந்தவர்களுக்கு வைட்டமின் ‘டி’ 2.1 நானோகிராம் உயர்ந்தது. 5 முதல் 10 வரை இழந்தவர்களுக்கு 2.7, 10 முதல் 15 வரை இழந்தவர்களுக்கு 3.3, 15-க்கு மேல் இழந்தவர்களுக்கு 7.7 நானோகிராம் உயர்ந்தது. 80 கிலோ எடையுள்ளவருக்கு நூற்றுக்கு 15 என்பது 12 கிலோ ஆகும். தொட்டி சிறுத்தால் சாயம் அடர்கிறது என்பதை இது மெய்ப்பிக்கிறது. ஆனால் சிறிது எடை குறைவதால் பெரும் உயர்வு வந்துவிடாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறது.

இதைப் படித்தபொழுது எனக்குச் சற்று மனச்சோர்வு உண்டாயிற்று. ஐம்பது வயதில், தறி வேலையும் வீட்டு வேலையும் உள்ள ஓர் அம்மையாரிடம், ‘பன்னிரண்டு கிலோ குறையுங்கள்’ என்று சொல்வது எளிதா? அந்நிலையில்தான் இரண்டாவது ஆராய்ச்சி ஆறுதலளித்தது.

இங்கிலாந்திலுள்ள பாத் பல்கலைக் கழகத்தார் 2025-இல் வெளியிட்டது அது. அந்நாட்டில் குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாகவே செல்வதால், தோலில் வைட்டமின் ‘டி’ உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இரத்தத்தில் அதன் அளவு மாதந்தோறும் இறங்குகிறது. வரவே இல்லாத அக்காலத்தில், எடை மிகுந்த 41 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் பத்து வாரங்கள் கட்டடத்திற்குள்ளேயே தேகப் பயிற்சி செய்ய வைத்தனர். வாரத்தில் நான்கு தடவை: இரு தடவை நடைப் பயிற்சி, ஒரு தடவை நெடுநேரம் நிதானமாகச் சைக்கிள் மிதித்தல், ஒரு தடவை இடைவெளி விட்டு வேகமாக மிதித்தல். எவருடைய எடையும் குறையாதவாறு உணவை வேண்டுமென்றே சரிக்கட்டினர். வைட்டமின் மாத்திரைகளையும் தவிர்த்தனர். ஆகவே வெயிலின் பயனோ, எடைக் குறைவின் பயனோ, மருந்தின் பயனோ இதில் கலவாமல், பயிற்சியின் பயன் மட்டும் தனித்து விளங்கிற்று.

பயிற்சி செய்யாதவர்களின் இரத்தத்தில் வைட்டமின் ‘டி’ ஏறத்தாழ நூற்றுக்கு 25 பங்கு இறங்கியது. செய்தவர்களுக்கு 15 பங்குதான் இறங்கியது. அதைவிட முக்கியமானது, சிறுநீரகத்தில் உண்டாகும் ‘செயல்படும் வடிவம்’ பயிற்சி செய்தவர்களுக்குக் குறையவே இல்லை என்பது. தசைகள் உழைக்கும்போது உடல் தன் கொழுப்பைக் கரைத்து எரிபொருளாகக் கொள்கிறது. அப்போது கொழுப்பில் தங்கிய வைட்டமினும் வெளிவரக்கூடும் என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

இரண்டு ஆராய்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் முடிவு இது: தேகப் பயிற்சி வைட்டமின் ‘டி’யைப் புதிதாக உண்டாக்குவதில்லை, அதற்கு வெயிலும் உணவும், வேண்டுமாயின் மருந்தும் தேவை. ஆனால் உள்ள இருப்பு வீணே இறங்காமல் பயிற்சி காக்கிறது. எடை குறையாவிட்டாலும் காக்கிறது. எடை குறையுமாயின், மேலும் பயன் உண்டு. ‘நடந்தும் எடை குறையவில்லையே’ என்று சலித்து நடையை நிறுத்திவிடும் அன்பர்கள் இதனை மனத்தில் இருத்த வேண்டும். தராசு முள் அசையாத நாட்களிலும் உடலின் உள்ளே வரவு எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

வெயில் மிகுந்த நாட்டில் குறைவு ஏன்?

“ஆண்டு முழுதும் வெயில் காயும் நம் நாட்டில் வைட்டமின் ‘டி’ குறையுமா?” என்று கேட்போர் உண்டு. குறைகிறது. திருப்பதியில் மருத்துவர்கள் நடத்தி 2007-இல் வெளியான ஆராய்ச்சியில், வெயிலில் உழைக்கும் கிராமத்தாருக்கு நகரத்தாரைக் காட்டிலும் வைட்டமின் ‘டி’ கூடுதலாக இருந்தது. ஆயினும் கிராமத்தாரிலும் பலருக்குப் போதிய அளவு இல்லை.

நெசவாளரின் நிலையை எண்ணிப் பாருங்கள். குழித்தறி வீட்டினுள் இருக்கிறது. பாவின் இழை காயாமல் இருக்கும்பொருட்டு வெளிக்காற்றும் வெயிலும் புகாத இடத்தையே தறிக்குத் தேர்ந்தெடுக்கிறோம். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேலை வெளியில் நடப்பதுதான். ஆனால் அது விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். தறியில் கையும் காலும் இயங்குகின்றன என்பது உண்மையே. எனினும் உடல் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கிறது. தார் சுற்றுபவர்க்கும் இதே கதிதான்.

விவசாயிகள் இவ்வகையில் பாக்கியசாலிகள். ஆனால் வயல் வேலையை ஆட்களிடமும் இயந்திரத்திடமும் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் போய் வரப்பில் நின்று பார்த்துத் திரும்பும் அங்கத்தினர்களும் இப்போது மிகுந்து வருகின்றனர். அவர்களுக்கும், மேசையே கதியென்று இருக்கும் என் போன்றவர்களுக்கும் இக்கட்டுரை பொருந்தும்.

நிழலே கடிகாரம்

இளங்காலை வெயிலில் நின்றால் வைட்டமின் ‘டி’ கிடைக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவியுள்ளது. உண்மை வேறு. சூரியன் தாழ்வாக இருக்கும்பொழுது அதன் கதிர் காற்று மண்டலத்தைச் சாய்வாகக் கடந்து நெடுந்தூரம் வருகிறது; வைட்டமினை உண்டாக்கும் கதிர்கள் வழியிலேயே பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடுகின்றன. மாலை வெயிலும் அவ்வாறே. கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்து காயும் வெயிலாலும் பயனில்லை. கண்ணாடி அக்கதிர்களை விடுவதில்லை.

சரியான நேரத்தை அறியக் கடிகாரம் வேண்டியதில்லை. சமதரையில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குறுகியிருந்தால் வெயிலில் வைட்டமின் உண்டாக்கும் வலு உண்டு. நீண்டிருந்தால் அவ்வலு குறைவு. தமிழ்நாட்டில் இந்நேரம் மார்கழியில் சுமார் 10.30 மணி முதல் 2 மணி வரையிலும், சித்திரை, வைகாசியில் சுமார் 9.30 மணி முதல் 3 மணி வரையிலும் அமையும். கோடையில் உச்சி வெயிலில் நடப்பது ஆபத்து. காலை 9.30 மணியளவில் நடந்தாலே போதுமானது, நண்பகலை விலக்குக.

பொது நிறமும் கருநிறமும் உடைய நம் தோல், வெண்ணிறத் தோலைக் காட்டிலும் மெதுவாகவே வைட்டமினை உண்டாக்கும். ஆகவே ஐந்து நிமிடம் போதாது. முகமும் முழங்கை வரை கைகளும் பாதமும் படும்படி அரை மணிக்குக் குறையாமல் இருப்பது நலம். தலைக்குத் துண்டும் கையில் தண்ணீரும் இருக்கட்டும். மயக்கம், தலைவலி தோன்றினால் உடனே நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

அங்கத்தினர்கள் செய்யத் தக்கவை

முதலில் தம் உடல் பருமனானதா என்று அறிதல் வேண்டும். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரு முறை வகுத்தால் ஓர் எண் வரும். மருத்துவமனைகளில் பி.எம்.ஐ. என்று சொல்லப்படுவது இதுவே. 1.60 மீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ளவருக்கு இவ்வெண் 25. இந்தியருக்கு 23 முதல் 25-க்குள் இருந்தால் எடை மிகுதி என்றும், 25-உம் அதற்கு மேலும் பருமன் என்றும் 2009-இல் நம் நாட்டு மருத்துவ அறிஞர்கள் வரையறுத்தனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படாமல் இருத்தல் நன்று.

அடுத்தது நடை. வாரத்திற்கு 150 நிமிடமாவது மிதமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியுள்ளது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் விரைந்து நடந்தால் இது நிறைவேறும். பக்கத்தில் வருபவருடன் பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுவே தக்க வேகம். பழக்கமில்லாதவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டலாம். முழங்கால் வலி உடையோர் சமதரையில் நடக்கட்டும். இருதய நோயும் நீரிழிவும் உள்ளவர்கள் தம் மருத்துவரைக் கலந்து தொடங்குவது முறை. நிழல் குறுகிய நேரத்தில் அந்நடையை வைத்துக்கொண்டால், ஒரே செலவில் வெயிலும் பயிற்சியும் என இரண்டு வரவு கிட்டும். வெயிலில் செல்ல இயலாத நாட்களில் கூடத்திலோ தாழ்வாரத்திலோ நடப்பதும் வீணன்று. பாத் நகர ஆராய்ச்சி சொல்வது அதுதானே?

உணவில் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் வைட்டமின் ‘டி’ உண்டு. மரக்கறி உண்போர் வெயிலில் சிறிது நேரம் வைத்த காளானைப் பயன்படுத்தலாம். வைட்டமின் ‘ஏ’யும் ‘டி’யும் சேர்த்த பாலும் சமையல் எண்ணெயும் கடைகளில் விற்பனையாகின்றன, உறையைப் படித்து வாங்க வேண்டும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் தேவை என்பது நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் அளித்த கணக்கு.

மருந்து பற்றிய எச்சரிக்கை

மருத்துவர் வாரம் ஒன்றாகத் தரும் பொட்டலத்தில் பொதுவாக 60,000 யூனிட் உள்ளது. தினத் தேவையோடு ஒப்பிட்டால் இது நூறு நாளைய அளவு. இதனைத் தினம் ஒன்றாகவோ, தாமாகவே இரட்டித்தோ உட்கொள்வது பெருந்தவறு. கொழுப்பில் தங்குவதால் மிகுதியான வைட்டமின் எளிதில் வெளியேறுவதில்லை. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து அளவு மீறி, வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், சிறுநீரகக் கல் ஆகியவற்றை உண்டாக்கும். சிறுநீரகத்தையே கெடுத்துவிடவும் கூடும். பருத்தவர்க்குச் சில வேளை கூடுதல் அளவு தேவைப்படலாம். அதனைத் தீர்மானிப்பவர் மருத்துவரே. வலி முதலிய குறி ஒன்றுமின்றி, பருமன் ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒவ்வொருவரும் பணம் செலவழித்து இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டியதில்லை என்று அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர் சங்கம் 2024-இல் அறிவுறுத்தியுள்ளது. கூலியில் மிச்சம் பிடித்து வாழும் நமக்கு இது நினைவில் வைக்கத் தக்க சொல்.

முடிவுரை

பங்குனியில் மீண்டும் அச்சங்கத்திற்குச் சென்றேன். மேற்கண்டவற்றை அம்மையாரிடம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் கடைக்காரர்மீது பழியில்லை, என் பணம் என்னிடமேதான் இருக்கிறது என்கிறீர்கள்” என்றார். மருத்துவரிடம் மீண்டும் சென்று வந்ததாகவும், அளவை அவரே திருத்திக் கொடுத்ததாகவும், தாமாக இரட்டிக்கவில்லை என்றும் கூறினார். அதைக் கேட்டு எனக்கு உண்டான நிம்மதி கொஞ்சமன்று.

இதுநாள்வரை நெய்த சேலைகளை மகனிடம் கொடுத்தனுப்புவதும், என்றாவது ஒரு நாள் அவனுடைய வண்டியில் பின்னால் அமர்ந்து வருவதுமே அவருக்கு வழக்கமாயிருந்தது. இனிச் சங்கத்திற்கு நடந்தே வரப் போவதாகச் சொன்னார். வீட்டிலிருந்து சங்கம் நடையில் கால் மணி தூரம். போக வர அரை மணி ஆகும். ஓர்ப்படியையும் கூட அழைத்து வருவாராம்.

சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். துணி ஒப்படைக்கும் நேரத்தையும் கூலி வழங்கும் நேரத்தையும் காலை பத்து மணியையொட்டி அமைத்தால், நடந்து வரும் அங்கத்தினர்களுக்கு வெயிலும் நடையும் சேர்ந்தே கிட்டும். இதற்குத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி போதும். பணச் செலவு ஏதுமில்லை. எடை பார்க்கும் கருவி ஒன்றைச் சங்க அலுவலகத்தில் வைப்பதும் பெரிய செலவன்று.

விடைபெற்று வெளியே வந்தபொழுது மணி பதினொன்றிருக்கும். அம்மையார் சங்க வாசலில் நின்று தம் நிழலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். “நிழல் குட்டைதான் ஐயா, நான் நடக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். என் வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, தெரு முனை வரை நானும் அவருடன் நடந்தேன்.